சின்ன ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவது எப்படி? மாஸ்டா எம்எக்ஸ்-5ஐ வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு லட்சம் பவுண்ட் காரைவிட ஒரு பழைய, இரண்டே இருக்கை கொண்ட மாஸ்டா அதிக சந்தோஷம் தரும் என்று சொன்னால், பணம் இல்லாதவர் தன்னைத் தேற்றிக்கொள்ளச் சொல்வது என்றுதான் பலர் நினைப்பார்கள். பணம் இருப்பவர்களுக்கும் நான் இதையேதான் சொல்கிறேன். கார் ஓட்டுவதே பிடிக்கும், வேலை முடிந்து வீடு திரும்பும்போது வேண்டுமென்றே சுற்றுப்பாதையில் வருவேன் என்பவர்கள், வேகமான காரைத் தேடுவதை விட்டுவிட்டு எடை குறைந்த காரைத் தேட வேண்டும். ஏன், எதை, எப்படி என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

இந்தியாவில் மாஸ்டா விற்பனையே இல்லை. அதனால் இங்கே சொல்லும் சந்தை, சாலை, சட்டம் எல்லாம் பிரிட்டனுடையவை. வேறு நாட்டில் இருப்பவர்களுக்கும் வண்டியைப் பற்றிய பகுதிகள் அப்படியே பொருந்தும்.

1. முதலில் எடையைப் பாருங்கள்

விளம்பரத்தில் குதிரைத்திறன் பெரிய எழுத்தில் இருக்கும். எடையைக் கடைசிப் பக்கத்து அட்டவணையில் தேடிப் பிடிக்க வேண்டும். நீங்கள் அந்தக் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.

இப்போதைய எம்எக்ஸ்-5 2015இல் வந்தபோது அதன் மிக எளிய ஜப்பானிய வடிவம் 990 கிலோதான். இங்கே கிடைப்பவை அதைவிடக் கொஞ்சம் கூடும். போர்ஷ 911 கரெரா சுமார் 1,500 கிலோ. இப்போதைய பிஎம்டபிள்யூ எம்3 1,700 கிலோவைத் தாண்டும். மணிக்கு 60 மைலில் போகும் 1,000 கிலோ வண்டியில் ஏறத்தாழ 360 கிலோஜூல் ஆற்றல் இருக்கிறது. அதே வேகத்தில் 1,750 கிலோ வண்டியில் 630. வளைவுக்கு முன் பிரேக் மிதித்தால் பிரேக் தட்டுகள் விழுங்க வேண்டியது இதைத்தான். வளைவுக்குள் டயர்கள் இழுத்துப் பிடிக்க வேண்டியதும் அந்தக் கூடுதல் எடையைத்தான்.

எடை கூடினால் பெரிய பிரேக் வேண்டும். பெரிய பிரேக்குக்கு இடம் விடப் பெரிய சக்கரம், அந்தச் சக்கரத்தைத் தாங்கத் தடித்த சஸ்பென்ஷன். இவையெல்லாம் சேர்ந்து இன்னும் எடையைக் கூட்டுவதால் இன்னும் பெரிய எஞ்சின். விலை ஏறுவதும் இதே வழியில்தான். 1.5 லிட்டர் எம்எக்ஸ்-5இன் டயர் அகலம் 195 மில்லிமீட்டர், 16 அங்குலச் சக்கரம். 911 கரெரா எஸ்-இன் பின் டயர் 305 மில்லிமீட்டர், 21 அங்குலம். டயர் கடைக்குப் போன் போட்டு இரண்டின் விலையையும் கேளுங்கள், மீதி தானே புரியும்.

செலவைவிட முக்கியமான ஒன்று உண்டு. அகலமான டயரின் பிடி அவ்வளவு அதிகம் என்பதால், சட்டம் அனுமதிக்கும் வேகத்தில் அது எந்தச் செய்தியும் சொல்லாது. அது பேசத் தொடங்கும் வேகத்தில் உங்கள் லைசென்ஸ் கையில் இருக்காது. 195 அகல டயர் சாதாரண வேகத்திலேயே பேசும். முன்பக்கம் லேசாக வெளியே நழுவுவதும், ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் விட்டதும் அது மறுபடி வளைவுக்குள் திரும்புவதும் கையிலும் இடுப்பிலும் தெரியும். ஓட்டுவதில் உள்ள சுவையே அதுதான் என்பது என் உறுதியான கருத்து.

2. எங்கே ஓட்டப் போகிறீர்கள்?

பிரிட்டனில் நடுத்தடுப்பு இல்லாத சாலைகளில் உச்ச வரம்பு 60 மைல், மோட்டார்வேயில் 70. எம்எக்ஸ்-5இல் இரண்டாம் கியரில் சிவப்புக் கோடு (எஞ்சின் சுழற்சியின் உச்ச எல்லை) வரை இழுத்தாலும் 60 மைல் பக்கம்தான் வரும். முழு எஞ்சினையும், அதன் மொத்தச் சத்தத்தையும், சட்டத்துக்கு உட்பட்டே அனுபவிக்கலாம். 500 குதிரைத்திறன் காரில் இது நடக்காது. ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்தால் நாலு விநாடிக்குள் காலை எடுக்க வேண்டியிருக்கும்.

பக்ஸ்டனிலிருந்து மேக்கிள்ஸ்ஃபீல்ட் போகும் ஏ537 சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். ‘கேட் அண்ட் ஃபிடில்’ என்று எல்லோரும் சொல்லும் மலைப்பாதை. 50 மைல் வரம்பு, சராசரி வேகத்தை அளக்கும் கேமராக்கள். பெரிய காருக்கு அங்கே வேலையே இல்லை, எஞ்சின் தூங்கிக்கொண்டே வரும். சின்ன வண்டியில் ஒவ்வொரு வளைவிலும் உங்களுக்கு ஏதாவது வேலை இருக்கும்: பிரேக்கைப் பதமாக மிதித்து, மூன்றிலிருந்து இரண்டுக்குக் கியரை இறக்கி, ஸ்டியரிங்கை மெல்ல ஊட்டி, நேரான பகுதி கண்ணில் பட்டதும் மறுபடி மிதிப்பது. சாலையும் அகலம் குறைந்தது. ஒல்லியான வண்டிக்கு உங்கள் பக்கத்துப் பாதைக்குள்ளேயே ஓடும் வழியைத் தேர்ந்தெடுக்க இடம் இருக்கும்.

ஆனால் தினமும் மோட்டார்வேயில் நூறு மைல் போய் வருகிறவர் இதை வாங்க வேண்டாம். துணிக்கூரை வண்டியில் 70 மைலில் சத்தம் களைப்பைத் தரும். பிள்ளைகள் இருக்கும் வீட்டின் ஒரே வண்டியாகவும் இது இருக்க முடியாது. இருக்கை இரண்டு, டிக்கி 130 லிட்டர், அவ்வளவுதான். அப்படிப்பட்டவர்கள் சுஸுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டைப் பாருங்கள். 2018இல் வந்த 1.4 டர்போ வடிவம் ஆயிரம் கிலோவுக்கும் குறைவு. இந்த மனநிலைக்குப் பக்கத்தில் வரும் குடும்ப வண்டி அதுதான்.

3. எந்தத் தலைமுறை?

இந்த வண்டியின் கதை சுருக்கமாக. அறுபதுகளில் லோட்டஸ் எலன், எம்ஜி பி போன்ற எளிய, கூரை திறந்த பிரிட்டிஷ் கார்கள் உலகமெங்கும் ஓடின. எழுபதுகள் முடிவதற்குள் அந்த வகையே மறையத் தொடங்கியது. அப்படி ஒன்றை மறுபடி செய்ய வேண்டும் என்று பாப் ஹால் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் மாஸ்டாவின் கெனிச்சி யமமோட்டோவிடம் சொன்னார். பிறகு ஹாலே மாஸ்டாவில் சேர்ந்தார். டோஷிஹிகோ ஹிராயின் தலைமையில் உருவான வண்டி 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் வெளிவந்தது. 2016இல் பத்து லட்சமாவது வண்டி தயாரானது. இதனால் உங்களுக்கு நேரடியான லாபம் உண்டு: உதிரிபாகம் எங்கும் கிடைக்கும், இதை அக்குவேறு ஆணிவேறாக அறிந்த மெக்கானிக்குகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

நான்கு தலைமுறைகள்.

முதலாவது என்ஏ, 1989 முதல் 1997 வரை. விளக்குகள் எழும்பித் திறக்கும் அந்த அழகான முகம் இதற்கு மட்டும்தான். ஓட்டும்போது வரும் உணர்வும் இதில்தான் மிகத் தூயது. ஆனால் விலை ஏறிவிட்டது, வயதும் ஆகிவிட்டது. 1991 வரை வந்த தொடக்க 1.6 எஞ்சின்களில் கிராங்க்ஷாஃப்ட்டின் முன்முனை குட்டையானது. அங்கே பிடிப்பு தளர்ந்து எஞ்சினே கெட்டுப்போன வண்டிகள் உண்டு. தொண்ணூறுகளின் நடுவில் பிரிட்டனுக்கு 90 குதிரைத்திறன் மட்டுமே உள்ள 1.6 வந்தது. தெரியாமல் அதை வாங்கிவிடாதீர்கள்.

என்பி, 1998 முதல் 2005 வரை. விலை குறைவு, துரு அதிகம். நல்லது ஒன்று சிக்கினால் பணத்துக்கு மேல் மதிப்பு.

என்சி, 2005 முதல் 2015 வரை. கொஞ்சம் பெரியது, உயரமாக நிற்கும் என்று குறை சொல்வார்கள். எடை கூடினாலும் அப்போதும் 1,100 கிலோவை ஒட்டித்தான். இரண்டு லிட்டர் எஞ்சின் உறுதியானது. மடங்கும் கடினக் கூரையுள்ள வடிவமும் உண்டு. முதல் முறை வாங்குபவர் யாராவது என்னிடம் கேட்டால் நல்ல என்சி ஒன்றைத்தான் காட்டுவேன். அதன் தோற்றத்தை யாரும் கொண்டாடாததால் விலை அடங்கியிருக்கிறது.

என்டி, 2015 முதல் இன்று வரை. எடையை மறுபடி குறைத்துக் காட்டியது மாஸ்டாவின் பெரிய சாதனை. 1.5 லிட்டர் 131 குதிரைத்திறன், 2.0 லிட்டர் 160. 2018இல் 2.0 எஞ்சின் 184க்கு உயர்ந்து நிமிடத்துக்கு 7,500 சுழற்சி வரை போகத் தொடங்கியது. அதே சமயத்தில்தான் ஸ்டியரிங்கை முன்னும் பின்னும் நகர்த்தும் வசதியும் வந்தது. எல்லோரும் 2.0 பின்னால் ஓடுகிறார்கள். எனக்கு 1.5தான் பிடிக்கும். முன்பக்கம் லேசாக இருக்கும், உச்சச் சுழற்சி வரை ஆசையோடு ஏறும், விலையும் குறைவு.

மாற்று வண்டிகளும் உண்டு. டொயோட்டா ஜிடி86க்கு உறுதியான கூரை, பெயரளவுக்குப் பின் இருக்கை, சுமார் 1,240 கிலோ; குளிர்காலத்திலும் தினமும் ஓட்டுபவருக்கு எம்எக்ஸ்-5ஐவிட இதுவே மேல். மூன்றாம் தலைமுறை டொயோட்டா எம்ஆர்2 எஞ்சினை நடுவில் வைத்தது, ஆயிரம் கிலோ பக்கம், சாமான் வைக்க இடமே இல்லை. லோட்டஸ் எலீஸின் முதல் வடிவம் சுமார் 725 கிலோ. ஸ்டியரிங் உணர்வில் இவை அனைத்தையும் மிஞ்சும், விலையிலும்தான். ஃபியட் 124 ஸ்பைடர் என்டியின் அடித்தளத்தில் டர்போ எஞ்சின் வைத்தது, ஹிரோஷிமாவில் அதே ஆலையில் தயாரானது.

4. உட்கார்ந்து பாருங்கள்

ஆறடிக்கு மேல் உயரமானவர்கள் கூரையை மூடிவிட்டு உட்கார்ந்து பார்க்க வேண்டும். திறந்த கூரையோடு எல்லா வண்டியும் பொருந்தும். கிளட்சை முழுதாக மிதிக்கும்போது முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கிறதா, கண்ணாடிச் சட்டத்தின் மேல்விளிம்பு கண்ணுக்கு நேராக வருகிறதா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால் வேறு வண்டிக்குப் போய்விடுங்கள்.

5. வீட்டிலிருந்தே செய்யும் சோதனை

பதிவு எண்ணை அரசின் இணையதளத்தில் இட்டால் அந்த வண்டியின் எம்ஓடி (ஆண்டுதோறும் நடக்கும் வண்டித் தகுதிச் சோதனை) வரலாறு இலவசமாகக் கிடைக்கும். எத்தனை மைல் ஓடியது, எதில் தோற்றது, எதற்கு எச்சரிக்கை வந்தது என்று ஆண்டுவாரியாக இருக்கும். நீங்கள் தேட வேண்டியது அரிப்பு பற்றிய குறிப்பு. மூன்று ஆண்டுகளுக்கு முன் ‘பின் சில் அரிப்பு’ (சில் என்பது கதவுக்குக் கீழே ஓடும் பகுதி) என்று எச்சரிக்கை இருந்து, அடுத்த ஆண்டு அந்தக் குறிப்பே காணாமல் போயிருந்தால், என்ன வேலை செய்தார்கள், படம் இருக்கிறதா, ரசீது இருக்கிறதா என்று போனிலேயே கேளுங்கள். தகடு வெட்டி வெல்டிங் செய்தவர் பெருமையாகப் படம் அனுப்புவார். கறுப்பு மெழுகை மேலே பூசி மறைத்தவரிடமிருந்து பேச்சு வேறு மாதிரி வரும்.

மைல் கணக்கைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒரு லட்சம் மைல் ஓடிய, வருடா வருடம் எண்ணெய் மாற்றிய வண்டி, முப்பதாயிரம் மைலோடு ஈரக் கொட்டகையில் கிடந்த வண்டியைவிட நல்லது.

6. துரு: அவசரமே கூடாத படி

குளிர்காலத்தில் பிரிட்டன் சாலைகளில் உப்பு தூவுவார்கள். என்ஏ, என்பி வண்டிகள் செத்துப்போவது எஞ்சினால் அல்ல, இந்த உப்பாலும் தேங்கும் தண்ணீராலும்தான்.

கதவுக்குக் கீழே முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை ஓடும் பெட்டி போன்ற பகுதிதான் சில். அதன் பின்முனை, பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால், உள்ளிருந்தே அரிக்கும். காரணம் கூரைதான். துணிக்கூரையில் விழும் மழைநீர் இரு பக்கமும் இருக்கைக்குப் பின்னால் உள்ள வடிகால் குழாய்கள் வழியாகக் கீழே இறங்க வேண்டும். இலையும் மண்ணும் சேர்ந்து அந்தக் குழாய் அடைத்தால் தண்ணீர் வண்டிக்குள்ளும் சில்லை ஒட்டியும் தேங்கும்.

அதனால் பார்க்கப் போகும்போது ஒரு சின்னத் தண்ணீர் பாட்டில், ஒரு டார்ச், ஒரு காந்தம், முழங்காலுக்கு ஒரு பாய் கொண்டுபோங்கள். சொந்தக்காரரிடம் கேட்டுவிட்டுக் கூரையைப் பாதி மடித்து, இருக்கைக்குப் பின் மூலையில் உள்ள வடிகாலில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றுங்கள். வண்டிக்கு அடியில், பின் சக்கரத்துக்கு முன்னால் அது சொட்ட வேண்டும். ஒரு பக்கம் சொட்டி மறுபக்கம் சொட்டாமல் இருந்தால், சொட்டாத பக்கத்துச் சில்லை டார்ச்சோடு பாருங்கள். இருக்கைக்குப் பின்னால் உள்ள கம்பளத்தை விரலால் அழுத்துங்கள். ஈரம், பூஞ்சை வாசம் இரண்டுமே கெட்ட அறிகுறிகள். காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிச் சில்லின் நீளத்துக்கும் நகர்த்துங்கள். எங்கே ஒட்டவில்லையோ அங்கே தகடு இல்லை, பூச்சுதான் இருக்கிறது.

என்பியில் இன்னோர் இடம் இன்னும் முக்கியம். முன் சஸ்பென்ஷனைத் தாங்கும் முன்பக்கச் சட்டம் இரட்டைத் தகடால் ஆனது. இரண்டு தகடுகளுக்கும் இடையில் ஈர மண் தங்கி உள்ளேயே அரிக்கும். வெளியே ஒன்றும் தெரியாது, ஒரு நாள் எம்ஓடியில் சுத்தியல் தட்டும்போது ஓட்டை விழும். இதைச் சரிசெய்யும் வெல்டிங் செலவு வண்டியின் விலையைத் தொட்டுவிடும். என்பி வாங்குபவர் லிஃப்டில் ஏற்றி இதைப் பார்க்காமல் பணம் கொடுக்கவே கூடாது. பக்கத்துக் கராஜில் அரைமணி நேரத்துக்குக் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். விற்பவர் மறுத்தால் கிளம்பிவிடுங்கள்.

ஜப்பானிலிருந்து வந்த ‘யூனோஸ்’ பெயர் தாங்கிய என்ஏ வண்டிகள் இங்கே நிறைய உண்டு. இங்கே வந்து எத்தனை குளிர்காலம் கண்டது என்பதுதான் கேள்வி. கிலோமீட்டரில் ஓடும் மானியை மைல் என்று குழப்பிக்கொள்ளாதீர்கள்.

7. எஞ்சின், கியர், ஓட்டிப் பார்த்தல்

எஞ்சின் ஆறியிருக்கும்போதே போங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். என்ஏவில் தொடங்கியதும் ‘டிக் டிக்’ என்று சத்தம் வந்து சூடானதும் அடங்கினால் கவலை இல்லை, வால்வு லிஃப்டர்கள் அப்படித்தான். என்ஏ, என்பியில் டைமிங் பெல்ட்டை 60,000 மைலுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ரசீது இல்லாவிட்டால் மாற்றவில்லை என்றே வைத்துப் பேரம் பேசுங்கள். என்சி, என்டியில் செயின்.

கியர் கம்பி இந்த வண்டியின் பெருமை. குட்டையான அசைவு, கைமணிக்கட்டிலேயே முடியும். என்ஏ, என்பியில் அது மரத்துப்போனது போல இருந்தால் பெரும்பாலும் கம்பியின் அடியில் உள்ள எண்ணெய் தீர்ந்திருக்கும் அல்லது ரப்பர் உறை கிழிந்திருக்கும். சின்னச் செலவுதான். தொடக்க என்டி 2.0 வண்டிகளில் சிலவற்றுக்குக் கியர்பாக்ஸே பழுதானது. ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றும்போது கரகரவென்று உரசல் கேட்கிறதா என்று குளிரிலும் சூட்டிலும் பாருங்கள்.

என்ஏவின் பின் ஜன்னல் பிளாஸ்டிக். கூரையை இறக்கும் முன் அதன் ஜிப்பைத் திறந்து படுக்க வைக்க வேண்டும். குளிர்நாளில் அப்படியே மடித்தால் உடையும். விற்பவர் எப்படி இறக்குகிறார் என்று கவனியுங்கள், வண்டியை அவர் நடத்திய விதம் அதிலேயே தெரியும்.

அப்புறம் ஓட்டம். முதல் ஐந்து நிமிடம் ‘இவ்வளவுதானா?’ என்று தோன்றும். டர்போ கார்களுக்குப் பழகிய கால் 2,000 சுழற்சியில் முதுகில் உதை எதிர்பார்க்கும். இங்கே அது வராது. இரண்டாம் கியரில் 4,000ஐத் தாண்ட விடுங்கள், அங்கிருந்துதான் வண்டி ஆரம்பிக்கிறது. ஒரு ரவுண்டானாவைச் சுற்றி வாருங்கள். சரியான வண்டி நீங்கள் நினைத்த நொடியில் திரும்பும். ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுத்தாலோ, வளைவு முடிந்ததும் நடுவுக்குத் திரும்பச் சோம்பினாலோ, வீல் அலைன்மென்ட் கெட்டிருக்கிறது. அலைன்மென்ட் போல்ட்டுகள் துருப்பிடித்து இறுகியிருந்தால் வெட்டித்தான் எடுக்க வேண்டும், அந்தச் செலவையும் விலையில் கழியுங்கள்.

8. பணக் கணக்கு

இன்சூரன்ஸ் விலையை வாங்கும் முன் கேட்டுவிடுங்கள். முந்தைய சொந்தக்காரர் எக்ஸாஸ்ட், ஸ்பிரிங், சக்கரம் எதையாவது மாற்றியிருந்தால் அத்தனையும் இன்சூரன்ஸில் அறிவிக்க வேண்டும். 40,000 பவுண்டுக்கு மேல் பட்டியல் விலையுள்ள, 2017 ஏப்ரல் முதல் பதிவான பெட்ரோல் கார்களுக்கு இரண்டாம் ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டுகள் கூடுதல் சாலை வரி உண்டு. எம்எக்ஸ்-5 அந்த வலையில் விழுவதில்லை.

கையில் உள்ள பணம் முழுவதையும் வண்டியின் விலைக்கே கொடுக்காதீர்கள். ஐந்தில் ஒரு பங்கையாவது அடுத்த படிக்கு வையுங்கள்.

9. வாங்கிய பிறகு

பளபளக்கும் பாகங்கள் எதையும் வாங்க வேண்டாம். நான்கு டயர்களும் ஒரே நிறுவனம், ஒரே வகை, மாஸ்டா சொன்ன அளவு. அகலப்படுத்தினால் நீங்கள் எதற்காக இந்த வண்டியை வாங்கினீர்களோ அதுவே போய்விடும். காற்றழுத்தம் என்ஏவுக்கு 26 பிஎஸ்ஐ, என்டிக்கு 29. லேசான வண்டி என்பதால் இது குறைவு. பழக்கத்தில் 34 அடித்துவிடும் கராஜ்காரர்கள் உண்டு, நீங்களே ஒரு மானி வைத்துப் பாருங்கள்.

நான்கு சக்கர அலைன்மென்ட் செய்து, சரிசெய்வதற்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுத்தாளைக் கேட்டு வாங்குங்கள். இந்த ஒரு வேலையால் வண்டி மாறிவிடும் அளவுக்கு வேறெதனாலும் மாறாது. எஞ்சின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் எண்ணெய்களையும் பிரேக் திரவத்தையும் மாற்றுங்கள். கூரை வடிகால்களை மெல்லிய வளையும் குச்சியால் சுத்தம் செய்யுங்கள், கம்பியால் குத்தினால் குழாய் கிழியும். அக்டோபருக்குள் சில்லுக்குள்ளும் சட்டங்களுக்குள்ளும் மெழுகுத் திரவம் அடித்துவிடுங்கள். குளிர்காலம் முழுக்க, உப்பு தூவிய வாரங்களில், அடிப்பகுதியைக் குழாய்த் தண்ணீரால் கழுவுங்கள்.

மீதிப் பணம் இருந்தால் ஒரு நல்ல ஓட்டுநர் பயிற்சியாளருக்குக் கொடுங்கள். பிறகு ஒரு டிராக் டே, அதாவது பந்தயப் பாதையில் சொந்த வண்டியை ஓட்டும் நாள். சாதாரண இன்சூரன்ஸ் அங்கே பெரும்பாலும் செல்லாது, தனியாக எடுக்க வேண்டும். சத்த வரம்பை முன்பதிவுக்கு முன்பே பாருங்கள், ஹெல்மெட் வாடகைக்குக் கிடைக்கும். திறந்த கூரை வண்டிகளுக்கு உருளும்போது காக்கும் கம்பி வேண்டும் என்று சில இடங்களில் சொல்வார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். லிங்கன்ஷயரின் கேட்வெல் பார்க் குறுகலானது, மேடும் பள்ளமுமானது, இந்த வண்டிக்கென்றே போட்டது போன்ற பாதை. நேர்ப்பாதையில் பெரிய கார்கள் தாண்டிப் போகும், வழிவிடுங்கள். மாலையில் டயரையும் பிரேக் பேடையும் பாருங்கள். இரண்டிலும் நிறைய மிச்சமிருக்கும், அதே வண்டியில் வீட்டுக்கு ஓட்டி வரலாம்.